நூல்கோல் அடி

என் மேலுதட்டில் ஒரு தழும்பு இருக்கிறது. அதைப் போட்டது ஒரு நூல்கோல். எறிந்தவள் என் சொந்த அக்கா. நூல்கோலைச் சமைத்துத் தின்கிறவர்களுக்கு அதன் கனம் தெரியாது. முகத்தில் வாங்கியவளைக் கேளுங்கள், சொல்கிறேன்.

அக்காவுக்குத் தள்ளுவண்டி. கம்மனஹள்ளிப் பக்கம் ஒரு பெரிய அபார்ட்மெண்டின் கேட்டை ஒட்டி, தூங்குமூஞ்சி மரத்தடியில் காய்கறி விற்கிறாள். மாமா செத்த பிறகு அவள் பெண்கள் இருவரும் காலேஜுக்குப் போவது அந்த மரத்தடி வியாபாரத்தில்தான். அந்த இடம் போனால் அவள் கதி அதோகதி. இது எனக்கும் தெரியும், அபார்ட்மெண்ட் அசோசியேஷனுக்கும் தெரியும். கேட்டின் அழகை வண்டி கெடுக்கிறது என்று அவர்களுக்கு ஓயாத புலம்பல். நீங்கள் இங்கே ஒரே ஒரு தகராறு செய்தால் போதும், மாநகராட்சி ஆட்களைக் கூப்பிட்டு வண்டியைத் தூக்கிவிடுகிறேன் என்று செக்ரெட்டரி அவள் முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார்.

எனக்கு ஆர்கானிக் காய்கறி டெலிவரி. லிங்கராஜபுரத்தில் என் வீட்டுக்குப் பக்கத்திலேயே கம்பெனியின் குடோன். காலையில் காய் அடுக்கிய கிரேட்டுகளை ஸ்கூட்டியில் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். எங்கள் தொழிலில் கேரட்டைக் கழுவக்கூடாது. மண் ஒட்டியிருந்தால்தான் வாங்குகிறவர்களுக்கு நிம்மதி. கீரையில் பூச்சி அரித்த ஓட்டை இருந்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள், இல்லாவிட்டால்தான் சந்தேகப்பட்டு போன் செய்வார்கள். அக்காவோ ஒவ்வொரு கேரட்டையும் தேய்த்துத் தேய்த்துக் கழுவிப் பளபளவென்று அடுக்குகிறவள். அபார்ட்மெண்ட்காரர்கள் அந்தப் பளபளப்பைத் தாண்டி உள்ளே போய், சோபாவில் உட்கார்ந்து, போனில் என் மண்ணை ஆர்டர் செய்தார்கள். நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அதனால் அந்த அபார்ட்மெண்டின் கிரேட்டுகளை நான் தொடுவதே இல்லை. கூட வேலை செய்கிறவனிடம் தள்ளிவிடுவேன். அக்காவுக்கு நான் டெலிவரி வேலை செய்வது தெரியும். துணிமணி என்று நினைத்திருந்தாள், நானும் திருத்தவில்லை. ஒரு சனிக்கிழமை அவன் பைக்கிலிருந்து விழுந்து கையை உடைத்துக்கொண்டான். சூப்பர்வைசர் அவனுடைய கிரேட்டுகளையும் என் தலையில் கட்டினார். முடியாது என்றேன். அப்படியானால் வீட்டிலேயே இரு, திங்கட்கிழமையும் வரவேண்டாம் என்றார்.

கேட்டருகே ஸ்கூட்டியை நிறுத்தினேன். கிரேட்டைத் தோளில் ஏற்றி முகத்தை மறைத்துக்கொண்டு உள்ளே நழுவப் பார்த்தேன். கூடப் பிறந்தவளுக்கு முகம் எதற்கு, நடை போதாதா?

“ஏய், நில்லுடி. இன்னாடி அது?”

“காய்.”

“யாருக்கு?”

நான் கேட்டைப் பார்த்து நடையை எட்டிப் போட்டேன். அவளே வந்து கிரேட்டில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தாள். வருஷக்கணக்காக அவளிடம் வாங்கிவிட்டு, சமீபமாக வண்டிப் பக்கமே வராமல் போன ஒரு அம்மாவின் வீட்டு நம்பர் அதில் இருந்தது.

“என் வவுத்துல அடிக்கிறது நீதானாடி? எவனோ எவனோன்னு தெனம் சாபம் வுட்டுகினு கீறேன். என் கூடப் பொறந்தவளாடி அது?”

“நான் இல்லன்னா வேற ஒருத்தன் கொண்டாருவான்க்கா. மொதல்ல நீ கேரட்டைக் கழுவறத நிறுத்து. மண்ணோட வை, தானா வருவாங்க.”

புத்தி சொல்வதாக எனக்கு நினைப்பு. அவள் கைக்கு எட்டியது நூல்கோல்.

உதடு பல்லில் மோதிக் கிழிந்த சத்தம் எனக்கே கேட்டது. கிரேட் கீழே விழுந்தது. வாயில் ரத்தம் உப்புக் கரித்ததும் எனக்கு வெறி ஏறிவிட்டது. அவள் கொண்டையைப் பிடித்து இழுத்தேன். அவள் முழங்கையை என் விலாவில் இறக்கினாள். இருவரும் வண்டிமேல் சாய்ந்தோம், வண்டி ஒரு பக்கமாகக் குடை சாய்ந்தது. தக்காளி காலுக்கடியில் நசுங்க நசுங்க வழுக்கி விழுந்து, விழுந்த இடத்திலும் அடித்துக்கொண்டோம். அவள் என் காதைத் திருகினாள், நான் அவள் முன்கையைக் கடித்தேன். சதையில் பல் இறங்கியபோது எனக்குத் திருப்தியாகத்தான் இருந்தது. தினமும் அவள் வண்டியில் ஓசி வெள்ளரிக்காய் தின்னும் வாட்ச்மேன் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். கேமரா கேட்டுக்கு உள்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

எங்களுக்குச் சண்டை புதிதில்லை. கேஜிஎஃப் தங்கச் சுரங்கத்தில் எங்கள் அப்பா தொழிலாளி. வீட்டுக்கு வந்ததும் பெல்ட்டைக் கழற்றினால் குளிக்கப் போகிறாரா அடிக்கப் போகிறாரா என்று தெரியாது. நாங்கள் இருவரும் அடித்துக்கொண்டால், எவள் முதலில் வந்து புகார் சொல்கிறாளோ அவளுக்குத்தான் பெல்ட். அதுதான் அந்த வீட்டு நியாயம். மண்டை உடைந்து ரத்தம் வடிந்தாலும் ஒன்றும் இல்லை என்று சொல்லப் பழகிக்கொண்டோம். அம்மாவும் அப்படித்தான். கண் வீங்கியிருந்தால் குழாயடியில் வழுக்கிவிட்டது என்பாள். செத்த பிறகும் அந்த மனுஷனை நான் மன்னிக்கவில்லை.

செக்ரெட்டரி கையில் போனோடு ஓடிவந்தார். கோயமுத்தூர்க்காரர், மரியாதையாகப் பேசுகிறவர். எங்களை விலக்கிவிட்டு, என் வாயிலிருந்து வடிந்த ரத்தத்தைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது.

“யாருங்க மொதல்ல கை வெச்சது? இந்தம்மாதானுங்களே? நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, இப்பவே போன் போட்டு வண்டியை எடுக்கச் சொல்லீர்றேன்.”

அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். கெஞ்சவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை, சாய்ந்து கிடந்த வண்டியைத்தான் பார்த்தாள். எனக்கு அவள்மேல் இருந்த ஆத்திரம் ஒரு துளியும் குறையவில்லை. இன்னும் இரண்டு அறை கொடுத்தால் தேவலை என்றுதான் இருந்தது. ஆனால் அடி வாங்கினேன் என்று வேற்று மனிதரிடம் சொல்ல என் நாக்கு எழவில்லை.

“நான்தான் சார்.”

அக்கா சட்டென்று வாயைத் திறந்தாள். அவள் காலை என் செருப்புக் காலால் நறுக்கென்று மிதித்தேன்.

“நான்தான் வண்டியத் தள்ளினேன். அவங்க பாட்டுக்கு வியாபாரம் பண்ணிகினு இருந்தாங்க.”

செக்ரெட்டரிக்குப் பெருத்த ஏமாற்றம். திரும்பத் திரும்பக் கேட்டார், நானும் அதையே சொன்னேன். கடைசியில் மாநகராட்சிக்குப் போகவேண்டிய போன் எங்கள் கம்பெனிக்குப் போனது. மத்தியானத்துக்குள் என் ஸ்கூட்டியிலிருந்து கம்பெனி ஸ்டிக்கரைக் கிழித்தார்கள். உதட்டில் தையல் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து படுத்தேன்.

சாயங்காலம் கதவு தட்டப்பட்டது. திறந்ததும் கன்னத்தில் பளீரென்று ஓர் அறை.

“யாரைக் கேட்டுடி என் பழிய உன் தலைமேல போட்டுகின? வேல போச்சாமே. நாளைக்கு இன்னாத்த துன்னுவ, மண்ணையா?”

நானும் ஓர் அறை கொடுத்தேன். அவள் இன்னொன்று கொடுத்தாள். தையல் விட்டு உதட்டில் மறுபடி ரத்தம் கசிந்தது. அதைப் பார்த்ததும் முந்தானையைச் சுருட்டி என் வாயில் வைத்து வலிக்க வலிக்க அழுத்தினாள். அவள் முன்கையில் என் பல் தடம் கன்றிப்போயிருந்தது. இருவருக்கும் அழுகை பீறிட்டது, சத்தம் வராமல் பல்லைக் கடித்துக்கொண்டு அழுதோம்.

பக்கத்து வீட்டுக்காரி ஜன்னல் வழியாக எட்டிப்பார்த்தாள்.

“இன்னாக்கா சத்தம்? யாரு அடிச்சது?”

“ஒண்ணும் இல்ல” என்றோம், இருவரும் ஒரே நேரத்தில்.