மாமனார் கேட்ட கையெழுத்து

கல்யாணம் ஆகி ஐந்து மாதம் வரை என் மனைவி கண்டிச் சீமையிலும் நான் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இருந்தோம். எங்களுக்குள் சண்டை ஒன்றும் இல்லை. சண்டை போடுகிற அளவுக்கு நாங்கள் பேசியதே இல்லை. அவளுடைய அப்பா அங்கே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. ஒரு பெட்டித் தேயிலை மலையை விட்டு இறங்குவதற்கே மூன்று தாள் எழுதுகிறவர். மகளை இறக்குவதற்கு எத்தனை தாள் கேட்பார் என்பதை நான் முன்னமே யோசித்திருக்க வேண்டும்.

தோட்டத்து ஆலயத்தில் தாலி கட்டிய மறுநாள் காலையில் அவர் என்னை மேசைக்கு எதிரே உட்காரவைத்து ஒரு தாளை நீட்டினார். அதில் மூன்று விஷயம் இருந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து சம்பளத்துக்கு ஒரு கடிதம். கதவும் பூட்டும் உள்ள வீடு என்று பாதிரியாரிடமிருந்து ஒரு கடிதம். மூன்றாவது, அரசாங்கத்துக்குத் தீர்வை கட்டுகிற நிலக்காரர் ஒருவருடைய ஜாமீன்: பெண் வந்து ஓர் ஆண்டுக்குள் மாப்பிள்ளைக்குச் சம்பளம் தவறினால் பெண்ணின் சாப்பாடு என் பொறுப்பு என்று எழுதி, கையெழுத்து. அதற்குக் கீழே சிவப்பு மையில், 'ரேகை செல்லாது.'

"மாமா, எங்க பக்கத்துல நிலம் உள்ளவங்களுக்கு எழுதத் தெரியாது. பெருவிரலை உருட்டுததுதான் வழக்கம்" என்றேன்.

"இருவது வருசமா கூலிக் கணக்குல நான் ரேகை வாங்குதேன், மாப்ள. எதுக்கு உருட்டுதோம்னு தெரியாமலே உருட்டிட்டுப் போவாங்க. பேரை எழுதுதவன்தான் ஒரு தரமாவது யோசிப்பான்." பேனாவை மூடினார். "ஈஸ்டருக்கு எனக்குப் பத்து நாள் லீவு. தாள் வந்துட்டா நானே கூட்டிட்டு வாரேன். வரலைன்னா அடுத்த லீவு ரெண்டு வருசம் கழிச்சுத்தான்."

முதல் இரண்டும் எளிதாக முடிந்தன. தலைமையாசிரியர் கடிதம் கொடுத்தார். பள்ளிக்குப் பக்கத்தில் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்து, ராஜபாளையம் போய்ப் பெரிய பூட்டாக ஒன்று வாங்கி வந்தேன். வந்த பிறகுதான் கதவில் பூட்டு மாட்டக் கொண்டி இல்லை என்று தெரிந்தது. கொண்டி போட்ட பிறகு பாதிரியாரும் எழுதிக் கொடுத்தார்.

மூன்றாவதற்கு எனக்குத் தெரிந்த நிலக்காரர் ஒருவர்தான். வன்னியம்பட்டியில் என் அப்பா வேலை பார்த்த வீட்டுச் சம்சாரி; விவசாயியை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். கிணறும் பருத்திக் காடும் இரண்டு சோடி மாடும் உள்ளவர். வீட்டில் தெலுங்கு பேசுவார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான் என்பதால் அவருடைய மனுக்களை நான்தான் எழுதுவேன். விஷயத்தைச் சொன்னதும் தயங்கவே இல்லை.

"ஒரு பிள்ளைக்குச் சாப்பாடுதான? போடுதேன். எங்க, மையைக் கொண்டா" என்று இடது பெருவிரலை நீட்டினார்.

ரேகை செல்லாது என்றதும் விரல் மடங்கியது.

"ஏமி வாத்தியாரே, இந்த விரல் மாதிரி இன்னொண்ணு ஜில்லாவுல உண்டா? கையெழுத்துன்னா ஒண்ணாங்கிளாஸ் பய பாத்து எழுதிருவான். என் தம்பி ஆசையாக் கத்துக்கிட்டான். ராஜபாளையத்துல ஒரு குமாஸ்தா அதே மாதிரி எழுதிக் காட்டி ரெண்டு வண்டிப் பருத்தியை ஓட்டிட்டுப் போயிட்டான். ரேகையா இருந்தா தம்பி விரலைல்லா வெட்டி எடுத்துட்டுப் போயிருக்கணும்?"

அங்கே மாமனாருக்கு ரேகை மேல் நம்பிக்கை இல்லை. இங்கே இவருக்குக் கையெழுத்து மேல் நம்பிக்கை இல்லை. இருவர் சொன்னதிலும் நியாயம் இருந்ததுதான் என் கெட்ட காலம்.

சம்சாரியின் மனைவி பருத்தியில் சத்தை, தூசி பொறுக்கிக்கொண்டே சொன்னார்: "எழுத வராதுன்னு சொல்லிட்டுப் போறதுதான. அதுக்கு எதுக்குப் பருத்திக் கதை?"

"யாருக்கு வராது? சொல்லிக் குடுத்தா ஒரே நாள்ல எழுதுவேன்" என்றார் அவர்.

நாற்பத்தொரு நாள் ஆயிற்று. பள்ளி விட்டதும் வன்னியம்பட்டிக்கு நடப்பேன். களத்து மணலில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்து எழுதவைப்பேன். சுழி வருகிற இடமெல்லாம் கிணற்றுக் கமலை வடத்தை இழுப்பது போல வெடுக்கென்று இழுத்துவிடுவார். மாட்டை அவிழ்த்துக்கொண்டு வந்த என் அப்பா முதல் நாள் அதைப் பார்த்துப் பதறிப் போனார்.

"ஏலே, மொதலாளி கையை அப்படியா இறுக்கிப் பிடிப்ப?"

"பிடிக்கட்டும்" என்றார் சம்சாரி. "உன் மகன் மூக்கணாங்கயிறு பிடிக்க மாதிரிலா பிடிக்கான். எழுத்துப் படிச்சும் கை மறக்கல."

அவர் மனைவி தினமும் செத்த நேரம் வந்து மணலைப் பார்ப்பார். "கோழி நல்லாத்தான் கிளறிருக்கு" என்று சொல்லிவிட்டுப் போவார். அதற்கு மறுநாள் எழுத்து ஒரு படி திருந்தும்.

எழுத்துப் பாடம் நடப்பதை மாமனாருக்கு எழுதியிருந்தேன். கண்டியிலிருந்து அவர் எழுதிய கடிதத்தின் ஓரத்தில் ஒருநாள் வேறு கையில் ஒரு வரி இருந்தது: 'அங்கே பெயர் எதுவரை வந்திருக்கிறது?' என் மனைவி எனக்கு எழுதிய முதல் வரி அதுதான். 'பாதி' என்று பதில் எழுதினேன். அடுத்த கடிதத்தின் ஓரத்தில், 'பெட்டியை இரண்டு தரம் அடுக்கிப் பிரித்துவிட்டேன். துணியெல்லாம் கசங்குகிறது.'

அதைப் படித்த பிறகு எனக்கு ஒரு புத்தி தோன்றியது. அந்தப் பெயரை நானே எழுதினால் யாருக்குத் தெரியும்? ஆராதனை முடிந்து வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை எழுதியும் பார்த்தேன். அழகாக வந்தது. அவ்வளவு அழகாக வந்ததைப் பார்த்ததும் பயந்து கிழித்துப் போட்டேன். ராஜபாளையம் குமாஸ்தாவின் எழுத்தும் அழகாகத்தான் இருந்திருக்கும்.

தாளில் எழுதுகிற நாள் வந்தது. சம்சாரி கைகால் கழுவி, புதுத் துண்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஓர் உலை கொதிக்கிற நேரம் எழுதினார். மணலில் கோழி என்று சொன்ன அவர் மனைவி மூச்சுவிடாமல் பக்கத்தில் நின்றார். கடைசி எழுத்து முடிந்து நான் நிமிர்வதற்குள், சம்சாரி பெருவிரலை மையில் தோய்த்து, எழுதிய பெயரின் வால் மேலேயே உருட்டிவிட்டார்.

"இப்ப எவன் பாத்து எழுதுதான்னு பாப்போம்."

மாமனாரின் சிவப்பு மை கண் முன்னால் நின்றது. இன்னொரு தாளில் எழுதச் சொன்னால் இன்னொரு ரேகையும் விழும். ஈஸ்டருக்கு மூன்று வாரம்தான் இருந்தது. அப்படியே தபாலில் சேர்த்துவிட்டு, இரண்டு வருஷம் காத்திருக்க மனதைத் தயார் செய்துகொண்டேன்.

மாமனாரின் பதில் பதின்மூன்றாம் நாள் வந்தது. 'ரேகை செல்லாது என்று எழுதியிருந்தேன். அதை நீர் கவனிக்கவில்லை. இருந்தாலும் கையெழுத்தைப் பார்த்தேன். கள்ளக் கையெழுத்துப் போடுகிறவன் இதைவிட நன்றாகப் போடுவான். இவ்வளவு பாடுபட்டு எழுதியவர் எதற்கு எழுதுகிறோம் என்று தெரிந்துதான் எழுதியிருப்பார். புதன்கிழமை வருகிறோம்.'

வந்தார்கள். மாமனார் பூட்டை இரண்டு தரம் பூட்டித் திறந்து பார்த்தார். புறப்படும்போது ஜாமீன் தாளை மகள் கையில் கொடுத்து, "இது உன்னோடது. பத்திரமா வச்சுக்கோ" என்றார். தாளின் வேலை முடிந்தது என்று நான் நினைத்தேன். கணக்கப்பிள்ளை மகள் அப்படி நினைக்கவில்லை.

ஆடியில் பள்ளிக்குப் பணம் வருவது தாமதமாகி எங்கள் சம்பளம் இரண்டு மாதம் நின்றது. நாளைக்கு வந்துவிடும் என்று தினமும் அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் வாசலில் மாட்டு வண்டி. கம்பு ஒரு மூட்டை, துவரை ஒரு மூட்டை இறங்கியிருந்தன. முந்தின ஞாயிறு பார்க்க வந்த என் அப்பாவை என் மனைவி உட்காரவைத்து, ஜாமீன் தாளை இரண்டு தரம் வாசித்துக் காட்டி, மொதலாளியிடம் சொல்லச் சொல்லி அனுப்பியிருக்கிறாள். அப்பா வண்டிக்குப் பின்னால் முகத்தைக் காட்டாமல் நின்றார்.

எனக்கு மானம் போய்விட்டது. அவளை உள்ளே இழுத்துப் போய், "ஏட்டி, யாரைக் கேட்டுச் சொல்லிவிட்ட?" என்றேன்.

"யாரைக் கேக்கணும்? அந்தத் தாள்ல உங்க பேருல சாப்பாடு போட்டிருக்கா? அவிய பொறுப்புன்னுதான எழுதிருக்கு."

வெளியே சம்சாரி எங்கள் பேச்சைக் கவனிக்கவே இல்லை. அவளிடம் முன்னமே கேட்டு வாங்கிய தாளைக் கை நீட்டி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தச் சுழி நல்லாத்தான் விழுந்திருக்கு, என்ன வாத்தியாரே? வீட்டுல ஒரு தரம் காட்டிட்டு நாளைக்குக் குடுத்து விடுதேனே."

என் மனைவி வாசலுக்கு வந்து கையை நீட்டினாள்.

"வீட்டு அம்மாவைக் கூட்டிட்டு வாங்க, ஐயா, இங்க வச்சுக் காட்டுதேன். பங்குனியில வருசம் முடியுத வரைக்கும் தாள் வெளிய போகாது."