மூன்றாவது தடவை பச்சை

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் மொபைல் போன் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் நான் டெஸ்டிங் லைனில் வேலை பார்க்கிறேன். கல்யாணம் ஆகி வந்த ஊர் ஆரம்பாக்கம். பிறந்தது பழவேற்காடு ஏரியை ஒட்டிய ஒரு குப்பத்தில். என் தம்பி இன்னும் அங்கேதான் கடலுக்குப் போகிறான்.

என் வேலை இதுதான். மூடி போட்ட ஒரு இரும்புப் பெட்டிக்குள் போனை வைத்து, மூடியைச் சாத்தி, பட்டனை அமுக்க வேண்டும். வெளியே இருக்கும் எந்த டவரின் சிக்னலும் அந்தப் பெட்டிக்குள் நுழையாது. பெட்டியே டவர் மாதிரி நடித்து, போனுக்குக் கட்டளை போடும்: மெல்லப் பேசு, கொஞ்சம் சத்தமாகப் பேசு, இன்னும் சத்தமாகப் பேசு. நம் குரலை டவர்வரை தள்ளிவிடுவது போனுக்குள் இருக்கும் நகம் அளவுகூட இல்லாத ஒரு ஆம்ப்ளிஃபையர். டவர் பக்கத்தில் இருந்தால் அது தணிந்து பேச வேண்டும். தூரத்தில் இருந்தால்தான் கத்த வேண்டும். மெல்லப் பேசினால் போதும் என்கிற இடத்திலும் கத்தும் போன் பேட்டரியைக் குடித்துவிடும். அதனால் ஒவ்வொரு படியிலும் அது எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று பெட்டி அளந்து பார்க்கும். அளவு சரியென்றால் திரையில் பச்சை, மீறினால் சிவப்பு.

சிவப்பு வந்தால் ஒரு தடவை மறுபடி டெஸ்ட் செய்யலாம். அப்போதும் சிவப்பு என்றால் ரிப்பேருக்கு அனுப்ப வேண்டும். சுவரில் அப்படித்தான் ஒட்டியிருந்தது. ஆனால் ஒரு மாதம் நிறைய போன்கள் சிவப்பில் வந்தன. ரிப்பேர் மேசையில் தட்டுத் தட்டாகக் குவிந்துவிட்டது. லைன் லீடர் அண்ணன் என் பின்னால் வந்து நின்றார்.

"இன்னொரு தபா அமுக்கும்மா. பாஸ் ஆவும்."

"ரெண்டு தபா ஆயிடுச்சிண்ணா."

"எட்த்து, தொடச்சி, திருப்பி வையி. ஆவும்."

ஆனது. போனை எடுத்து, துடைத்து, கொஞ்சம் அழுத்தி வைத்தால் மூன்றாவது தடவை சில போன்களுக்குப் பச்சை வரும். போன் சரியாகிவிடவில்லை, அளவு ஒரு இழை தள்ளி விழுந்திருக்கிறது என்பது எனக்குத் தெரியும். அந்த மாதம் முழுக்க அப்படித்தான் அமுக்கினேன்.

பிறகு கம்பெனியில் எங்களுக்குச் சலுகையில் போன் கொடுத்தார்கள். ஒன்றை வாங்கித் தம்பிக்குக் கொடுத்தேன். இரண்டு மாதம் கழித்து அவன் சொன்னான்:

"அக்கா, உன் போன் பேஜார் பண்ணுது. காதுல வெச்சா சுடுது. மத்தியானத்துக்குள்ள சார்ஜ் பூடுது."

"எந்நேரமும் படம் பாத்துக்கினு இருந்தா சுடாம இன்னா பண்ணும்?" என்றேன். அவன் சிரித்தான். நானும் சிரித்தேன்.

ஆடி மாதக் காற்றில் ஒரு நாள் தம்பியும் அவனோடு தொழில் செய்யும் மாமாவும் விடியலில் ஃபைபர் படகில் போனார்கள். மாமா எங்களுக்குத் தூரத்துச் சொந்தம். தம்பிக்குக் கடலைப் பழக்கியவர். காலை பத்து மணிபோல மோட்டார் நின்றுபோனது. மாமாவிடம் போன் கிடையாது. எந்த இடம் என்று சொல்ல அவருக்குத்தான் தெரியும் என்பதால் தம்பி தன் போனை அவரிடம் கொடுத்தான். அவர் தன் வீட்டுக்கு, அத்தைக்குப் பேசினார்.

"மோட்டரு நின்னுப்பூச்சி. வடக்கால இஸ்துக்கினு போவுது. பயப்படாத. நாங்க இப்போ..."

அவ்வளவுதான். சார்ஜ் தீர்ந்துவிட்டது.

குப்பத்திலிருந்து நான்கு படகுகள் தேடிப் போயின. வடக்கு என்பதைத் தவிர அவர்களிடம் எதுவும் இல்லை. மதியத்துக்கு மேல் அலை படகைக் கவிழ்த்தது. தம்பி டீசல் கேனைப் பிடித்துக்கொண்டு மிதந்தான். மாமா கொஞ்ச நேரம் கூட இருந்தாராம். மறுநாள் காலை ஆந்திரா படகுக்காரர்கள் தம்பியை மட்டும் தூக்கினார்கள். மாமாவின் உடல் இரண்டு நாள் கழித்துக் கரை சேர்ந்தது.

சார்ஜ் போன பிறகு தம்பி அதைத் திரும்ப வாங்கி, பிளாஸ்டிக் கவரில் முடிந்து தன் இடுப்பில் கட்டியிருந்ததால் போன் நனையவில்லை. தம்பி அதைத் தொடமாட்டேன் என்றான். நான் எடுத்துக்கொண்டு வந்து பீரோவில் வைத்தேன். பீரோவைத் திறக்கும்போதெல்லாம் அது சூடாக இருக்குமோ என்று தோன்றும். தொட்டுப் பார்ப்பேன். சில்லென்றுதான் இருக்கும். ரயிலில் யாராவது போனில் "நாங்க இப்போ" என்று ஆரம்பித்தால் அந்த வாக்கியம் முடியும்வரை எனக்கு மூச்சு வராது.

ஒரு மாதம் பொறுத்தேன். பிறகு அந்தப் போனைக் கொண்டுபோய் டெஸ்டிங் இன்ஜினியர் மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். சாப்பாட்டு நேரத்தில், லைன் காலியாக இருந்தபோது, அவரே அதைப் பெட்டியில் வைத்து அமுக்கினார். சிவப்பு. மெல்லப் பேச வேண்டிய படிகளிலெல்லாம் கத்துகிற போனின் கரண்ட். போனின் நம்பரைப் போட்டுப் பழைய பதிவைத் தேடினார். இரண்டாவது பெட்டி, காலை ஷிப்ட். முதல் தடவை சிவப்பு, இரண்டாவது சிவப்பு, மூன்றாவது பச்சை. அந்த மாதம் காலை ஷிப்டில் இரண்டாவது பெட்டியில் இருந்தது நான் மட்டும்தான்.

மேடம் திரையை மூடினார்.

"பேட்டரியே வீக்கா இருந்திருக்கலாம். கடல் காத்து வேற. இதனாலதான் போச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாதுங்க."

"இதனால இல்லன்னு சொல்ல முடியுமா மேடம்?"

அடுத்த வாரமே மேடம், ஒரே போனை மூன்றாவது தடவை அமுக்கினால் பெட்டி டெஸ்ட் செய்யாதபடி புரோகிராமை மாற்றினார். லைன் லீடர் அண்ணன் பல நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. வெளியே போய்விட்ட மற்ற போன்களைப் பற்றி மேலே எழுதிப் போட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். எத்தனை திரும்பி வந்தன என்று எங்களுக்குச் சொல்லவில்லை.

தம்பியிடம் சொன்னேன். "வுடுக்கா" என்று எழுந்து போய்விட்டான்.

அத்தையிடம் சொல்லப் போனபோது அவர் வாசலில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தார். பெட்டி, படி, பச்சை, சிவப்பு எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று தடவை அமுக்கியதையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் இறாலை விட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்டார்:

"நல்ல போனா இருந்தா இன்னும் எவ்ளோ நேரம் பேசி இருப்பாரு?"

"தெரியல அத்தை. அர மணி... ஒரு மணி நேரம்."

"ம்" என்றார். போகச் சொல்லவும் இல்லை, உட்காரச் சொல்லவும் இல்லை.

அன்றிலிருந்து குப்பத்துக்குப் போகும்போதெல்லாம் அவரைப் பார்க்கிறேன். ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து சொல்லச் சொல்வார். புதிதாகக் கேட்பதுபோலக் கேட்பார். நானும் எதையும் விடாமல் சொல்வேன். போன வாரம் மட்டும் நடுவில் நிறுத்தினார்.

"டவர் எட்டாத தூரம்னா போனே போவாது, இல்ல?"

"போவாது அத்தை."

"பேசினாரே. அப்ப கர கண்ணுக்குத் தெரிஞ்சிருக்கும், இல்ல?"

"தெரிஞ்சிருக்கும்" என்றேன்.

அது உண்மையா என்று எனக்குத் தெரியாது. தம்பியிடம் நான் கேட்டதில்லை.