மூட்டை ஏற்றிய ஓட்டை

2023 ஜூன் 14, புதன்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தேன். ஆறு மணிக்குத் தண்ணீர் பிடித்தேன், ஆறரைக்குக் காபி. ஏழு மணிக்கு மாடிக் கூடத்து ஜன்னலோரம் மனைவி ஏலக்காயை நிறம் பார்த்துத் தரம் பிரிக்க உட்கார்ந்தாள். மூன்று வாரமாக அந்த ஜன்னல் வெளிச்சம் மட்டும்தான். மழை ஈரத்தில் சுவரைத் தொட்டாலே ஷாக் அடித்ததால் மெயினை அணைத்திருந்தோம்.

எங்கள் வீடு அரசு பாதுகாக்கும் பழங்கட்டடம். புது வயரிங்குக்கு அனுமதி கொடுத்தார்கள். ஆனால் சுவரிலோ தளத்திலோ புதிதாக ஒரு துளைகூடக் கூடாது, முகப்பில் பைப் ஓட்டக் கூடாது. பழைய வயர் போன இரும்புக் குழாயோ துருவேறி அடைத்துவிட்டது. கீழே இருக்கும் மீட்டரிலிருந்து மாடிக்கு வயர் ஏற வழியில்லை. அன்றும் வழி பிறக்காவிட்டால் குடிபெயர்வதென்று பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டுச் சாவியை வாங்கி வைத்திருந்தேன். மனைவி அந்த வீட்டைப் போய்ப் பார்க்கவும் மறுத்துவிட்டாள்.

பத்து மணிக்கு, சிலமலையிலிருந்து வந்த எலக்ட்ரீசியன் கீழ்க் குடோனிலிருந்து கத்தினார்.

"அண்ணே, ஏலக்கா மூட்டைய மேல இழுக்குற ஓட்டை இங்க தெரியுது. மாடியில காணோமே?"

"எலி வருதுன்னு நான்தான் சிமெண்ட் போட்டு அடைச்சேன்."

செங்காவி கலந்து, ஒட்டுத் தெரியாமல் பூசியிருந்தேன். பன்னிரண்டு வருடமாக நானே மறந்திருந்தேன்.

"எதைச் செஞ்சாலும் சுத்தமாச் செய்வாரு," என்றாள் மனைவி. "எலி இன்னமும் தேடிக்கிட்டுத்தான் இருக்கும்."

கீழே டேப் பிடித்து அளந்து, மேலே குறித்தோம். கிழக்குச் சுவரிலிருந்து நாலடி மூன்று அங்குலம்.

"வெரசா உடைச்சிருவோம்ணே. யாருக்குத் தெரியப் போகுது?"

எனக்கு மனம் ஒப்பவில்லை. அனுமதி கேட்காமல் அடைத்தது என் தவறு. சொன்னால் வயரிங் அனுமதியே போய்விடலாம். மனைவியைப் பார்த்தேன். "சொல்லிருங்க," என்றாள். கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரிக்குப் போன் செய்தேன். அடைத்ததைச் சொன்னேன்.

"அந்தச் சிமெண்ட்டே அங்க இருக்கக் கூடாது சார். அதை மட்டும் எடுங்க. எடுக்குறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ, பின்னாடி ஒண்ணு. பழைய மரச்சட்டத்துல உளி படக் கூடாது."

உடைத்து முடிக்க மூன்று மணி ஆனது. சட்டத்தில் கீறல் இல்லை. ஓட்டை வழியே வயர் ஏறி, நாலரைக்குக் கூடத்தில் ஒரு லைட் எரிந்தது. மற்ற அறைகளுக்கு இன்னும் நாலு நாள் வேலை இருக்கிறது என்றார் எலக்ட்ரீசியன். மனைவி ஒரு கை ஏலக்காயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"பச்சைன்னு ஒதுக்கினதுல பாதி வெளுப்பால்ல இருக்கு!"

பிரித்ததையெல்லாம் ஒன்றாகக் கொட்டி, முதலிலிருந்து தொடங்கினாள்.

மறுநாள் காலை முதல் வேலையாக, பக்கத்துத் தெரு வீட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுத்தேன்.