மெஷின் தூக்கி வந்தவங்க

எங்க தையல் வாட்ஸ்அப் குரூப்புல நான்தான் டாக்டர். யாருக்காவது மெஷின் மக்கர் பண்ணினா எனக்குத்தான் வாய்ஸ் வரும். ஊசியைத் திருப்பிப் போட்டுட்டு, “அக்கா, தையல் விட்டு விட்டு விழுது, மெஷினுக்குப் பேய் பிடிச்சிருச்சு”ன்னு ஒருத்தி அழுவா. “பேயும் இல்ல பிசாசும் இல்ல, ஊசியோட தட்டைப் பக்கம் எங்க இருக்கு, பாரு”ன்னு சத்தம் போடுவேன். கொழும்புல கார்மெண்ட்ஸ்ல ஏழு வருஷம் முதுகு ஒடிஞ்சவளுக்கு அது கூடத் தெரியாமப் போகுமா?

நானும் போட்டோ போடுவேன். பழைய சேலைத் துண்டுகளை ஒட்டுப் போட்டுத் தைச்ச படுக்கை விரிப்பு, பை, தலகாணி உறை. போட்டோவுல எங்க வரிசை வீட்டு லயத்துச் சுவர் விழுந்துறக் கூடாதேன்னு பின்னால விரிப்பைத் தொங்கவிட்டுத்தான் எடுப்பேன். எந்த ஊருன்னு கேட்டப்ப பதுளைன்னு போட்டேன். மடுல்சீமையில ஒரு தேயிலைத் தோட்டத்துல, மழைக்கு ஒழுகுற லயத்துல இருக்கேன்னு போட எனக்கு விரல் வரல. தோட்டக்காட்டு ஆளுன்னு டவுன்ல சொல்ற தொனியை ஒரு தடவை கேட்டவங்களுக்குப் புரியும்.

குரூப்பை நடத்துற அம்மா பதுளையில துணிக்கடை வச்சிருக்கிற குடும்பம். கடைக்கு மேல இருக்கிற மண்டபத்துல சனிக்கிழமை தையல் வகுப்பு ஆரம்பிக்கப் போறதாகவும், டீச்சர் ஒருத்தர் வேணும்னும் போட்டாங்க. செஞ்ச சாமான், சொந்த மெஷின் ரெண்டையும் கொண்டு வாங்க, பார்த்துட்டு முடிவு பண்ணலாம்னாங்க. அந்த இடம் எனக்கு வேணும். வாரத்துல ஒரு நாளாவது என்னை டீச்சர்னு நாலு பேர் கூப்பிடணும். வெக்கத்தை விட்டுச் சொல்றேன், அதுக்காக எதையும் செஞ்சிருப்பேன். செஞ்சேன்.

என் கை மெஷின் கல்லு மாதிரி கனக்கும். நான் இடுப்பு வலிக்காரி. என் கூடப் பிறந்த அக்காதான், “ஒருநாள் பேரு, சம்பளம் போனாப் போகுது, நான் தூக்கியாறேன்”னு கொழுந்துக்குப் போகாம வந்தா. அவ கொழுந்து எடுக்கிற சம்பளத்துலதான் எங்க வீட்டு உலை கொதிக்குது. இருக்கிறதுலயே நல்ல சேலையாப் பார்த்துக் கட்டியிருந்தா. பஸ்ஸுல ரெண்டு மணி நேரம் அந்த மெஷினை மடியிலயே வச்சிருந்தா.

பதுளையில இறங்கினதும் மெஷினைச் சாக்குல கட்டி, கயித்தை நெத்திக்கு மேல போட்டு, முதுகுல ஏத்திக்கிட்டு விறுவிறுன்னு நடந்தா. கொழுந்துக் கூடை தூக்குற மாதிரியே. அவளுக்கு வேற மாதிரி தூக்கத் தெரியாது. பஜார்ல திரும்பிப் பார்க்காத ஆளில்ல. “கையில தூக்கேன்க்கா”ன்னு பல்லைக் கடிச்சேன். “கையில தூக்கினா கை போயிரும்டி”ன்னு சிரிச்சா.

மண்டபத்து வாசல்ல அந்த அம்மா நின்னாங்க. அக்காவை மேலயும் கீழயும் பார்த்துட்டு, “இவங்க யாரு?”ன்னாங்க.

“மெஷின் தூக்கி வந்தவங்க”ன்னேன்.

சத்தியமா அது என் வாயில இருந்துதான் வந்துச்சு. அக்கா மெஷினை இறக்கி வச்சிட்டு, என்னைப் பார்த்து, “அப்ப நான் வெளிய இருக்கேனுங்க”ன்னா. என்னை, கூடப் பிறந்தவளை, “ங்க” போட்டுப் பேசினா. படியில போய் உக்காந்துட்டா.

உள்ள எல்லாம் அமோகமா நடந்துச்சு. கடைக்காரம்மாவோட புது மெஷின்ல அடிப்பக்கம் நூல் கூடு கட்டிச்சு. எல்லாரும் அடிநூல் பாபினைக் கழட்டிக் கழட்டிப் பார்த்தாங்க. “கோளாறு கீழ இல்ல, மேல”ன்னு சொல்லி, துணியை அமுக்குற காலைத் தூக்கிவிட்டு, மேல்நூலைத் திரும்பக் கோத்தேன். தையல் முத்து முத்தா விழுந்துச்சு. கை தட்டினாங்க. விரிப்பைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாங்க. பீங்கான் கோப்பையில தேத்தண்ணி வந்துச்சு. படிக்கு ஒண்ணும் போகல. நானும் கேக்கல.

மூணு மணி நேரம் கழிச்சு எல்லாரும் கிளம்பினப்ப அந்த அம்மா என்னைத் தனியாக் கூப்பிட்டாங்க. “வகுப்பு உங்களுக்குத்தான். வாற சனிக்கிழமையும் இந்த மெஷினோடயே வாங்க”ன்னாங்க. அப்புறம் சாவகாசமா, “தோட்டத்துப் பக்கம்னு உங்க வாய்ஸ் கேட்ட அன்னைக்கே தெரியும். அதுக்கென்ன, வேலைதானே முக்கியம். வெளிய இருக்கிறது அக்காதானே? ஒரே முகம்”ன்னு சிரிச்சாங்க.

தெரிஞ்சுக்கிட்டே கேட்டிருக்கா பாவி! தெரிஞ்சுக்கிட்டே மூணு மணி நேரம் என் அக்காவைப் படியில உக்கார விட்டிருக்கா. காறித் துப்பிட்டு வந்திருக்கணும். “நன்றிங்கம்மா”ன்னு கும்பிட்டேன். அவளைத் திட்ட எனக்கு எந்த வாய் இருக்கு?

திரும்பி வாற பஸ்ஸுல பசறை தாண்டினப்ப அக்கா மெஷினை மடியில சரியா வச்சிக்கிட்டா. அப்புறம் மெதுவா, “கெடச்சிச்சாடி?”ன்னா.

“கெடச்சிச்சுக்கா.”

அவ முகம் மலர்ந்ததைப் பார்க்க முடியாம ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன்.

“படியில ரெண்டு பொம்பளைங்க வந்து எந்த ஊருன்னு கேட்டாங்க. டவுன்லதான், கூலிக்கு வந்தேன்னு சொல்லிட்டேன். நான் ஒண்ணும் காட்டிக் குடுத்துறலயே?”

“இல்லக்கா.”

“வாற சனிக்கிழமை மெஷினை மண்டபம் வரைக்கும் வராம, தெரு முனையிலயே இறக்கித் தாறேன். அங்கருந்து நீ மெல்லக் கொண்டு போயிரு, என்ன?”

சரின்னு சொன்னேன்.