மரம் தின்னும் ஜந்துவும் காதர் பாயின் டிரம்மும்

கண்ணுக்குத் தெரியாத ஜந்துவுக்குச் சோறு போட்டு, அது எப்போது வேலை செய்யும் என்று காத்துக் கிடப்பதுதான் எங்கள் தொழில். இதில் மாட்டிக்கொண்ட சக பாவிகளே, உங்களுக்குச் சொன்னால்தான் புரியும்.

என் ஜந்து, கடலோர அலையாத்திக் காட்டுச் சேற்றில் கிடைத்த பாக்டீரியா. மரத்தை விறைப்பாக நிறுத்தும் லிக்னினை உடைக்கும் என்சைம் அதனிடம் உண்டு. மரப்பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதனிட்ட கழிவுநீரின் கறுப்பையும் அது போக்கும், உப்புக்கும் அசராது என்பது என் நம்பிக்கை. ஒரு தொழிற்சாலையாவது தன் தொட்டியில் சோதிக்க விடாவிட்டால் என் ஆராய்ச்சி அம்போ.

பஸ்ஸில்

சேற்று டப்பாவோடு வேலூரில் ஆம்பூர் பஸ் ஏறினேன். மூடி கொஞ்சம் லூஸ். பக்கத்து சீட்டுக்காரர் தோல் ஷெட்டில் வேலை பார்ப்பவர். அவர் சட்டை வாசனையே என் மூக்கைத் துளைத்தது. நான் வாயைத் திறந்தேனா? அவர் கர்ச்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டார்: "இன்னாம்மா எடுத்துனு போற? மனுஷன் உக்கார்றதா வேணாமா?"

பாயின் பயம்

நான் அனுமதி கேட்கப் போன ஆம்பூர் தோல் ஷெட்டின் முதலாளி காதர் பாய், டீயும் மக்கன்பேடா என்ற இனிப்பும் வைத்த பிறகுதான் பேச்சையே தொடங்கினார். அந்த மனுஷனிடம் எப்படிக் கோபப்படுவது? "தோலைத் தின்னுடுமா?" என்பதுதான் அவர் பயம்.

"தோல் பக்கமே போகாது பாய், மரத்துல இருக்கிற சரக்கைத்தான் உடைக்கும்" என்று பெருமையாக அளந்தேன். பாய் முகம் செத்துவிட்டது. ஜன்னல் வழியே, தோலை உள்ளே போட்டுச் சுற்றும் ஆளுயர டிரம்மைக் காட்டினார்.

"அது இன்னாம்மா, இரும்பா?"

கட்டையும் தண்ணியும்

டிரம் வேறு, கழிவுத் தொட்டி வேறு என்றேன். முழுக் கட்டையை அசைக்க மாசக் கணக்காகும், தண்ணீரில் கரைந்த கறுப்புதான் சுலபம் என்று தொண்டை வற்றக் கத்தினேன். ஊஹூம். கடைசியில், ஒரு பிளாஸ்டிக் பீப்பாயில் கழிவுநீரோடு என் ஜந்துவையும் ஊற்றி, பழைய டிரம் பலகையில் ஒரு துண்டையும் போட்டுப் பார்க்கலாம் என்று பாய் இறங்கி வந்தார்.

தினமும் மேஸ்திரி வந்து கட்டையை எடுத்து நகத்தால் அழுத்திப் பார்ப்பார். தண்ணீரை ஒரு ஆள் பார்க்க வேண்டுமே! நான் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். டிகாஷன் கறுப்பு மெல்ல மெல்ல இறங்கி, ஒரு காலை வெளிறிய கஞ்சி நிறத்துக்கு வந்துவிட்டது. சந்தோஷத்தில் அழுதே விட்டேன்.

மேஸ்திரி கட்டையைத்தான் தூக்கிக்கொண்டு ஓடினார். பாய் அதைத் தட்டிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், பிறகு சிரித்தார். "சரி, தொட்டில ஊத்திக்கோ. ஆனா ஒரு கட்டையக்கூட தின்னத் துப்பில்ல, இன்னா பூச்சிம்மா இது?"

தின்றாலும் பேச்சு, தின்னாவிட்டாலும் பேச்சு வாங்கித் தரும் இந்த ஜந்துவை நம்பித்தான், சகாக்களே, நம் பிழைப்பு ஓடுகிறது.