எரிகல் பார்க்க இருட்டு தேடியது

எரிகல் மழையைச் சேர்ந்து பார்ப்போம் என்று மகள் ஆறாம் ஆண்டு படிக்கும்போது அவளுக்கு வாக்குக் கொடுத்தேன். ஆனால் ஒவ்வொரு டிசம்பரிலும் கூலிம் ஹைடெக் பூங்காத் தொழிற்சாலையில் எனக்கு இரவு வேலை. அங்கே இரவு என்பது வேலை அட்டவணையில் மட்டும்தான் உண்டு. இப்போது அவளுக்குச் சிங்கப்பூரில் வேலை. இந்த டிசம்பர் எரிகல் மழைக்கு மறுநாள் காலை பஸ். இதை விட்டால் வேறு வாய்ப்பில்லை என்று விடுப்பு எடுத்தேன்.

வீட்டு வாசலில் நின்றால் எதிர்வீட்டில் மட்டும் ஐந்து விளக்குகள். திருடனுக்குப் பயந்து போட்டவை. வழி தெரிவதில் திருடனுக்கும் வசதிதான். மனைவி மூட்டை கட்டுவதில் மும்முரமாக இருக்க, நாங்கள் இருவரும் செமிலிங் ஆற்றங்கரைக்குப் போனோம். சாப்பாட்டுக் கடைக்காரர் மரத்துக்கு மரம் கலர் பல்பு சுற்றி, நாங்கள் இயற்கையை ரசிக்க ஏற்பாடு செய்திருந்தார். கடைசியில்தான் சுங்கை லாலாங் செம்பனைத் தோட்டத்து முனீஸ்வரன் கோயில் ஞாபகம் வந்தது.

நல்ல இருட்டு. பாய் விரித்துப் படுத்தோம். இத்தனை நட்சத்திரமா என்று மகள் வாயைப் பிளந்தாள். ஏதோ நானே ஏற்றி வைத்த மாதிரி எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. கோயில் முகப்பிலிருந்து கண்ணைப் பறிக்கும் வெளிச்சம் கொட்டியது. பக்கத்திலேயே குடியிருக்கும் பூசாரி, என் காரை அடையாளம் கண்டு ஓடி வந்தார்.

"அண்ணே, ஒரு போன் கால் அடிச்சிருந்தா முன்னுக்கே லைட்ட தொறந்து வெச்சிருப்பேன்லா. நீங்க குடுத்த லைட்டு, நீங்களே இருட்டுல படுக்கலாமா?"

மகளுக்கு வேலை கிடைத்தால் கோயிலுக்கு விளக்குப் போடுவதாக வேண்டிக்கொண்டவன் நான்தான். கிடைத்ததும் கமிட்டியிடம் பணத்தைக் கட்டினேன். கமிட்டி காரியம், மூன்று வருஷமாவது இழுக்கும் என்று நம்பியிருந்தேன். வாழ்நாளில் ஒரே ஒரு தடவை சீக்கிரம் முடித்திருக்கிறார்கள்.

அணைக்கச் சொல்ல வாயெடுப்பதற்குள், உபயதாரர் கல்லையும் பார்க்க வேண்டும் என்று பூசாரி கையைப் பிடித்து அழைத்தார். போயிருக்கக் கூடாது. போனேன். பளிங்கில் என் பெயர் தங்க எழுத்தில் இருந்தது. இனிஷியல் சரியா, அடுத்தவர் பெயரைவிடச் சின்னதாகப் போட்டுவிட்டார்களா என்று குனிந்து சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்பா, அங்க பாருங்க!"

மகள் விளக்குக்கு முதுகைக் காட்டி, செம்பனைப் பக்கம் திரும்பி நின்றிருந்தாள். நான் நிமிர்வதற்குள் எல்லாம் முடிந்துபோயிருந்தது. அவ்வளவு பெரிதாக, பச்சையாக இறங்கியதாம். பார்த்தீர்களா என்று கேட்டாள். கல்லில் என் பெயரைப் படித்துக்கொண்டிருந்தேன் என்று பெற்ற பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? வெட்கமாக இருந்தது. பார்த்தேன் என்றேன்.

மறுநாள் பஸ் ஏறும் முன் அவள் அம்மாவைக் கட்டிக்கொண்டு சொன்னாள்.

"நானும் அப்பாவும் ஒன்னா பாத்தோம்மா. அது போதும் எனக்கு."