அரை மணி நேரம் பொறுக்காத பெற்றோல்

நாடே எரிபொருளுக்காகத் தெருவில் படுத்துக் கிடந்த வருடம் அது. அப்போது என் காருக்குக் கிடைத்த பெற்றோலில் கணிசமான பங்கு தண்ணீர். எப்படிப்பட்ட தண்ணீர் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது வந்த இடத்தை நான் பார்த்தேன்.

மடுல்கெல்லப் பக்கமிருந்து இறங்கி வந்தால் ஒரு சிறிய டவுன், அதில் ஒரு பெற்றோல் செட். அதன் நிலத்தடித் தாங்கியின் மூடி முற்றத்தின் பள்ளமான மூலையில் பதிக்கப்பட்டிருந்தது. பெய்கிற மழை அங்கேதான் தேங்கும். வரிசையில் நாட்கணக்காகக் கிடந்தவர்கள் துப்பிய வெற்றிலைச் சாறும், சாப்பிட்டுக் கை கழுவிய தண்ணீரும், இருட்டியபின் சுவரோரம் ஒதுங்கியவர்களின் கொடையும் அதே பள்ளத்துக்குத்தான் வடிந்தன. மூடியைச் சுற்றியிருந்த ரப்பர் வளையம் எலி கடித்துத் துப்பியதுபோல் இருந்தது. அதன் பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் பருப்பும் சோறும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அந்த இடத்தில் நான் நின்றதற்குக் காரணம் என் மனைவியின் வலது கண். இடது கண் சர்க்கரை நோயில் முன்பே போய்விட்டது. மிச்சமிருந்த கண்ணிலும் வெள்ளை படர்ந்து, எதையும் மூக்கருகே கொண்டுவந்துதான் பார்ப்பாள். கண்டி ஆஸ்பத்திரியில் சத்திர சிகிச்சைக்கு ஒரு நாள் கொடுத்திருந்தார்கள். கண்ணுக்குள் வைக்கும் வில்லைக்குக்கூடத் தட்டுப்பாடு. அந்த நாளைத் தவறவிட்டால் அடுத்தது எப்போது என்று சொல்ல அங்கே யாரும் தயாராக இல்லை. விடியற்காலை பஸ் ஓடாத காலம். கார் ஓடியே ஆகவேண்டும்.

எரிபொருள் ஏற்றிய பவுசர் லொறி வந்தது. ஜனம் கை தட்டியது. சுவாமி ஊர்வலத்துக்குக்கூட இவ்வளவு பக்தியோடு வழிவிட்டு நான் பார்த்ததில்லை.

கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், உத்தியோகத்தில் இருந்தபோது செட்டுகளைச் சோதிக்கும் குழுவோடு பல தடவை போயிருக்கிறேன். பவுசர் இறக்கும் வேகத்தில் தாங்கியின் அடியில் கிடக்கும் தண்ணீரும் சேறும் கலங்கி மேலே வரும். ஆகவே இறக்கியபின் அரை மணி நேரம் பொறுக்க வேண்டும். பிறகு அளவுகோலின் நுனியில் ஒரு பசையைத் தடவி உள்ளே விட வேண்டும். தண்ணீர் பட்டால் பசை நிறம் மாறும். இதில் விளங்காதது ஒன்றுமில்லை. செட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவரிடம் போனேன்.

“தம்பி, கோல் விட்டுப் பாத்தீங்களா?”

“உயரம் பாத்தோம் சேர்.”

“உயரம் இல்ல. பசை தடவி, தண்ணி இருக்கான்னு?”

அவர் மேசை இலாச்சியைக் கிளறி ஒரு பசைக் குழாயை எடுத்து அழுத்திக் காட்டினார். சுண்ணாம்புபோல் உதிர்ந்தது. “இது போன எலக்‌ஷனுக்கு முந்தியே காஞ்சு போச்சு சேர்.”

“அப்ப அரை மணி நேரமாவது பெற்றோல் அடிக்காம விடுங்க. அடியில உள்ளது அடங்கட்டும்.”

“நீங்களே வெளிய போய் சொல்லுங்க. நான் சொன்னா இந்தக் கண்ணாடி ஒன்னும் மிஞ்சாது.”

சொன்னேன். நல்ல தமிழில், பிறகு சிங்களத்தில். எனக்குப் பின்னால் நின்ற த்ரீவீல்காரன் கூட்டத்துக்குக் கேட்கும்படி பதில் சொன்னான். “ஐயாவுக்குப் பென்சன் தானா வருது. அரை மணி நேரம் என்னா, அரை வருஷமும் நிப்பாரு. நாங்க ஹயர் ஓடித்தான் சாப்பிடணும்.”

“தண்ணி கலந்திருக்குப்பா.”

“இருந்துட்டுப் போகட்டுமே. நாங்க என்னா குடிக்கவா போறோம்?”

சிரிப்பு வரிசையின் கடைசிவரை போனது. பின்னாலிருந்து தகரத்தில் தட்டினார்கள். “அடிங்க, அடிங்க” என்ற கோஷம். அடித்தார்கள். என் முறை வந்தபோது நானும் காரின் தாங்கி மூடியைத் திறந்து கொடுத்தேன். வேறு செட் இல்லை, வேறு நாளும் இல்லை. எல்லா நடைமுறையும் தெரிந்த எனக்கும் அதே குழாயிலிருந்து அதே கலங்கல்தான் கிடைத்தது.

மறுநாள் விடியுமுன்பே புறப்பட்டோம். இறக்கம் முழுவதும் கார் நல்லபிள்ளையாக உருண்டது. வத்தேகம தாண்டி ஒரு ஏற்றத்தில் பெற்றோல் பின்பக்கம் சரிந்ததும் இருமியது, விக்கியது, நின்றது.

வெளிச்சம் வரவர அந்த வளைவின் முழு அழகும் தெரிந்தது. எங்களுக்கு முன்னால் ஒரு வேன், பொனட் திறந்தபடி. அதன் சாரதி சாவியைத் திருப்பித் திருப்பி பற்றரியைச் சாகடித்துக்கொண்டிருந்தார். அதற்கு அப்பால் மோட்டார் சைக்கிள்காரர் ஒருவர் வண்டியைச் சாய்த்துக் குலுக்கிக்கொண்டிருந்தார், அடங்கத் தொடங்கியிருந்த தண்ணீரை மறுபடி நன்றாகக் கலக்கிவிடுவதற்காக. ஓரமாக நேற்றைய த்ரீவீல். அதன் சொந்தக்காரன் ரப்பர் குழாயைத் தாங்கிக்குள் விட்டு வாயால் உறிஞ்சி உறிஞ்சித் துப்பிக்கொண்டிருந்தான். குடிக்கப் போவதில்லை என்று சொன்ன அதே வாய்.

“எப்படி இருக்கு?” என்று கேட்டேன்.

“உப்புக் கரிக்குது ஐயா.”

ஏன் என்று நான் விளக்கவில்லை. காலை நேரம், அவன் வெறும் வயிற்றில் இருந்தான்.

மனைவி காரை விட்டு இறங்கி, என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “இப்ப என்னா செய்யணும்?”

“அசையாம நிக்க விடணும். தண்ணி பாரம், அடிக்குப் போயிடும். அப்புறம் தாங்கிக்குக் கீழ இருக்கிற ஆணியைக் கழட்டினா முதல்ல தண்ணிதான் வரும். பெற்றோல் வந்ததும் மூடிடலாம்.”

“எவ்வளவு நேரம்?”

“அரை மணி நேரம்.”

“நேத்து அவங்கள நிக்கச் சொன்னீங்க. இன்னைக்கு நாம நிப்போம்,” என்றாள். குரலில் கேலி இருந்ததா என்று முகத்தைப் பார்த்தேன். இருந்தது.

நின்றோம். வேன்காரர் வந்து, கொஞ்சம் ஸ்பிரிட் ஊற்றினால் சரியாகும் என்றார். ஸ்பிரிட் இருக்கிறதா என்றேன். இல்லை என்றார். நேரம் ஆனதும் பழைய சேலைத் துண்டு ஒன்றை விரித்துக் காருக்கடியில் படுத்தேன். ஆணியைத் தளர்த்தியதும் வந்தது தேயிலைச் சாயம்போல ஒரு பழுப்புத் தண்ணீர். அதில் நார், மணல், சிவப்பாக ஏதோ ஒரு துணுக்கு. நேற்றுப் பார்த்த பள்ளம் முழுவதும் என் முழங்கை வழியாகச் சட்டைக்குள் வடிந்தது. குமட்டலை அடக்கிக்கொண்டு, நிறம் மாறுகிறதா என்று பார்க்க வெறும் சோடாப் போத்தலில் பிடித்து வெளியே நீட்டினேன்.

“எங்க, கொடுங்க. எது தண்ணி, எது பெற்றோல்னு நானும் பாக்குறேன்.”

வாங்கிவிட்டாள். அவளால் எதையும் மூக்கருகே கொண்டுவந்துதான் பார்க்க முடியும். போத்தலின் வாயை அந்த ஒரே கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய்ச் சாய்த்தாள். ஆவி அடித்தது. ஈரமான விரலாலேயே கண்ணைக் கசக்கினாள்.

“கைய எடு,” என்று அடியில் கிடந்தபடியே கத்தினேன். கசக்கி முடித்திருந்தாள்.

குடிக்கக் கொண்டுவந்த தண்ணீர் முழுவதையும் கண்ணில் ஊற்றினோம். ஆணியை மூடி, கார்பரேற்றரின் சிறிய கிண்ணத்தைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். கார் கிளம்பியது. ஆஸ்பத்திரிக்குச் சொன்ன நேரத்தில் போய்ச் சேர்ந்தோம், சிவந்த கண்ணோடு.

கண் வாட்டில் எங்களைக் கண்டதும் தாதி மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலைத் திறந்துவிட்டார். டொக்டர் இளைஞர், பேச்சு யாழ்ப்பாணம். இமையைப் பிரித்துப் பார்த்தார்.

“என்ன பட்டது?”

“பெற்றோல்,” என்றேன்.

“எங்களுக்குக் காருக்கே இல்லை. நீங்கள் கண்ணுக்கு விட்டிருக்கிறியள்.” பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு அவளிடம் சொன்னார். “அம்மா, இப்பிடிச் சிவந்திருக்கேக்க கத்தி வைக்கேலாது. கழுவி மருந்து விடுறம். உங்கட இடத்தை மற்ற ஆளுக்குக் குடுக்கிறன். சிவப்பு அடங்கி, எல்லாரும் முடிஞ்சு நேரமும் இருந்தால் பாப்பம். இல்லாட்டி வேற திகதிதான்.”

வேறு திகதி என்றால் என்ன என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

வெளியே மர வாங்கில் உட்கார்ந்தோம். மத்தியானத்துக்குள் சிவப்பு அடங்கிவிட்டது. டொக்டர் டோர்ச் அடித்துப் பார்த்துத் தலையசைத்தார். இனி நேரம் மட்டும்தான். தாதி அவ்வப்போது கதவைத் திறந்து ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். ஒருவர் எழுந்து போவார். அடுத்த பெயருக்கு யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். மறுபடி கூப்பிடுவார். நாவலப்பிட்டிப் பக்கம், ஹட்டன் பக்கம் என்று ஊர்ப் பெயரையும் சேர்த்துக் கூப்பிடுவார். பிறகு அடுத்த பெயருக்குப் போவார்.

“பாவம்,” என்றாள் மனைவி. “அவங்களும் எங்கயாவது ஒரு வளைவுல நிக்கிறாங்களோ என்னமோ.”

“இருக்கும்,” என்றேன்.

பதில் வராத ஒவ்வொரு பெயரும் அவளுக்குக் கிடைக்கும் நேரம். அதை நான் மனதுக்குள் சேர்த்துக்கொண்டே இருந்தேன். யாரோ ஒரு கண் தெரியாத கிழவர் மகனின் தோளில் சாய்ந்து ஏதோ ஒரு மலையடியில் நிற்க வேண்டும், அங்கேயே நிற்கட்டும் என்று நினைத்தேன். காருக்கடியில் வந்த குமட்டலைவிட இது மோசம். அதையாவது துடைத்துப்போட முடிந்தது.

பின்னேரம் தாதி கடைசித் தடவையாக வெளியே வந்து ஒரு பெயரைச் சொன்னார். யாரும் எழவில்லை. “இவங்க இன்னும் வரல்லயா?” என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

“இல்ல மிஸ். யாரும் வரல்ல,” என்றேன்.

மனைவியைக் கைபிடித்து உள்ளே அழைத்துப் போனார்கள். கதவு மூடியது. அதற்குப் பிறகுதான் படிக்கட்டுப் பக்கம் யாராவது ஏறி வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தேன்.